ஃபிர்அவ்ன் வீட்டு நாற்காலி

பூந்தமல்லியில் எங்கள் அத்தா நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுபவர். அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து மரத்தில் தேய்க்கும் அந்த வேலைக்குப் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். பிரான்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே ஒரு மழைக்காலத்தில் நிஜமான பிரான்சு நாற்காலியே வேலைக்கு வந்தபோது, சம்பந்தி வீட்டு ஆளைப் போல அதைத் தாங்கினார். பட்டறைக் கூரை ஒழுகியதால் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்கு அறை ஒன்றுதான். நாற்காலிக்கு இடம் இருந்தது மேற்குச் சுவரோரம். அம்மா தொழும்போது முகம் வைக்கும் திசையும் அதுதான். நாற்காலியின் இரண்டு கைப்பிடி நுனியிலும் ஒரு பெண்ணின் தலையைச் செதுக்கியிருந்தார்கள். தோள்வரை தொங்கும் முக்காடு, கழுத்துக்குக் கீழே இறக்கை, அடியில் சிங்கத்தின் பாதம். பிரான்சுப் படை ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் மிஸ்ரு என்று சொல்லும் எகிப்துக்குப் போய்த் தோற்றுத் திரும்பியதாம். போனதற்கு அடையாளமாக அங்கே பார்த்த சிலைகளையெல்லாம் மேசை நாற்காலியில் செதுக்கிக்கொண்டார்களாம். இதெல்லாம் நான் பின்னால் படித்தது.

"மிஸ்ரு நாட்டு மூஞ்சியாம். நாக்காலிக்குச் சொந்தக்காரரு சொன்னாரு," என்றார் அத்தா பெருமையாக.

"அப்ப இது ஃபிர்அவ்ன் ஊட்டு நாக்காலியா?" என்றாள் அம்மா. மூஸா நபியைக் கடல்வரை துரத்திய ராஜாவின் வீட்டுச் சாமான். "அல்லாவத் தொழுவனா, இதுங்க மூஞ்சியப் பாத்துகினு நிப்பனா?"

உருவம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்று காலண்டரைக்கூடத் திருப்பி மாட்டுபவள் அவள். அத்தா ஒரு துண்டை எடுத்துப் போர்த்தினார். அவர் போட்ட பாலிஷில் துண்டு நிற்கவில்லை. தொழுகையின் நடுவில் அது நழுவி விழ, இரண்டு முகங்களும் அம்மாவைப் பார்த்தன.

மறுநாள் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் கம்பளியில் பின்னிய கைக்குழந்தைக் குல்லாக்கள் இரண்டை எடுத்தாள். அளவு எடுத்துப் பின்னியதுபோல் சரியாக இருந்தன. பின்பக்கத்தை முன்னால் திருப்பி, முகம் மறைய இழுத்து, தாடைக்குக் கீழே நாடாவை முடிந்தாள். எதற்கும் கிண்டல் செய்யும் அத்தா, அன்று மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன்பின் அம்மா ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் குல்லாக்களைத் தொட்டுச் சரிசெய்தாள். அவை சரியாகத்தான் இருந்தன.

வேலை முடிந்து, சொந்தக்காரர் குட்டி யானை வண்டியை அனுப்பினார். அத்தா வெளியே போயிருந்தார், அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். வண்டிக்காரர் குல்லாக்களைப் பார்த்து, "பாய் பேக்கிங் சோக்கா பண்ணிக்கிறாரு," என்று அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா வந்து காலியான மூலையைப் பார்த்தாள். "குல்லா எங்கடி?"

"நாக்காலியோட போச்சும்மா."

புர்கா இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவள், செருப்பும் போடாமல், ஈரத் தலையில் முந்தானையைப் பிடித்தபடி ஓடினாள். பின்னால் நான். நல்லவேளையாகத் தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா வண்டியில் ஏறினாள். விரலுக்கு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"இன்னாம்மா, ரெண்டு குல்லாவுக்கா இந்த ஓட்டம்? கடையில புச்சா வாங்கிக்கலாமே," என்றார் வண்டிக்காரர்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அம்மா வண்டியை விட்டு இறங்கினாள். குல்லாக்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தாள். பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள்.

எனக்கு முன்னால் இரட்டைப் பெண்கள் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டார்கள் என்று நான் முழுகாமல் இருந்தபோதுதான் அம்மா சொன்னாள். கிழிந்த தலையணை உறையைக்கூட எனக்குப் பாவாடையாகத் தைத்துப் போட்டவள் அவள். அந்தக் குல்லாக்களில் ஒன்றை மட்டும் ஏன் என் தலையில் போடவே இல்லை என்று வண்டிக்குப் பின்னால் ஓடிய அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.