பெண்கள் பெட்டியில் இன்ஸ்பெக்டர் பர்ஹூம்

அலெக்சாந்திரியாவில் ஒரு ட்ராம் பெட்டி நிறையப் பெண்கள், காலையில் ஒரு கொலையைக் கேட்காமல் வேலைக்குப் போவதில்லை. பக்கூஸ் பக்கமிருந்து ரம்ல் நிலையம் போகும் ட்ராம். அதில் பெண்களுக்கென்று விட்டிருக்கும் பெட்டி. கொலையைக் கொண்டுவருபவள் இன்ஷிராஹ். மன்ஷிய்யாவில் ஒரு தையற்கூடத்தில் சட்டைக்குக் காலர் தைப்பவள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தம்பி குடும்பத்தோடு ஒண்டிக்கொண்டிருப்பவள். தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவள் புத்தகத்தைத் திறந்து வாயையும் திறந்துவிட்டால், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தவர்கள் உண்டு. நான் மிகைப்படுத்தவில்லை; அப்படி நடந்தவர்கள் வெட்கமில்லாமல் அதைச் சொல்லிக்கொண்டும் திரிவார்கள்.

இது தொடங்கிய கதை ரொம்பச் சின்னது. நபி தானியல் தெருவின் நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய துப்பறியும் நாவல் ஒன்றை இன்ஷிராஹ் தன்பாட்டுக்குப் படித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நபவிய்யா. ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, மத்தியானச் சமையலுக்கு முலூகியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னத்தப் படிச்சிட்டு இப்படிப் பல்லக் கடிக்கிற?"

"கொலை."

"யார?"

"ஒரு பணக்காரன."

"அப்ப சத்தமாப் படி. எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கட்டும்."

அன்றிலிருந்து சத்தமாகத்தான் படிக்கிறாள். அதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல். பணக்காரிக்கு மூக்கால் பேசும் குரல், வேலைக்காரனுக்கு விழுங்கி விழுங்கி வரும் குரல், பொய் சொல்பவனுக்குத் தேன் தடவிய குரல். பொய்யன் யாரென்று தெரியாமல் தேன் தடவுவது எப்படி என்று கேட்காதீர்கள். எல்லாருக்கும் கொஞ்சம் தடவிவிடுவாள். இன்ஸ்பெக்டர் பர்ஹூமுக்கு மட்டும் அடிவயிற்றிலிருந்து, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல ஒரு குரல் வைத்திருந்தாள். அந்த பர்ஹூம் தன்தா ஊர்க்காரர், குண்டர், மனைவிக்குப் பயந்தவர். யோசிக்க வேண்டுமென்றால் காலணியைக் கழற்றிவிடுவார். பிணம் கிடக்கும் அறையிலும் கழற்றுவார். பெட்டியில் அவரைப் பற்றிச் சொந்த மைத்துனரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். "பாவம், அந்த மனுஷனுக்கு வீட்டுல நேரத்துக்குச் சோறு போடமாட்டேங்குறா" என்று அச்சில் மட்டுமே இருக்கும் ஒரு மனைவிமேல் பழி போடுவாள் நபவிய்யா.

பெட்டிக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் முந்திப் படிக்கக்கூடாது, படிப்பவள் உட்பட. வீட்டில் இருட்டில்கூடத் திருட்டுத்தனமாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடக்கூடாது என்று, இறங்கும்போது புத்தகத்தைத் தமியானாவிடம் கொடுத்துவிட வேண்டும். தமியானா ஒரு மருந்துக்கடையில் சீட்டுப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவள். விஷமும் மருந்தும் அலமாரியில் அடுத்தடுத்து இருக்க, ஒருநாளும் கை தவறாதவள். கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்துதான் அந்தப் பொறுப்பை ஏற்றாள். ஆகவே கொலைகாரன் யாரென்று அந்தப் பெட்டியில் எல்லாருக்கும் ஒரே நொடியில்தான் தெரியும். அந்த நொடியில் எழும் கூச்சலைக் கேட்டு, முன்னால் ட்ராம் ஓட்டுபவர் விபத்தோ என்று ஒருதடவை நிறுத்தியே விட்டார்.

கம்சீன் காற்று மணலை வாரிக்கொண்டுவந்த மாதத்தில் இன்ஷிராஹுக்குத் தொண்டை கம்மியது. தூசி என்றாள். சோம்பு வெந்நீர் குடித்தாள். காற்று ஓய்ந்தது, கம்மல் ஓயவில்லை. பணக்காரியும் வேலைக்காரனும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் நபவிய்யாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"குரல்நாண்ல ஒரு கட்டி இருக்கு. எடுத்துடணும்" என்றார் டாக்டர். "அது நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"என் குரல், டாக்டர்?"

"அதையும் அப்புறம்தான் சொல்ல முடியும். வரலாம், வராமலும் போகலாம். அதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது."

வெளியே வந்ததும் நபவிய்யா காறித் துப்பினாள். "டாக்டர்னாலே எனக்கு ஆகாது."

இன்ஷிராஹ் அழவில்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது. அறுவை சிகிச்சை அடுத்த வாரம். கையிலிருக்கும் நாவலில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. மன்சூராவில் பருத்தி வியாபாரி ரிஸ்குல்லா குளியலறையில் செத்துக் கிடக்கிறார். பர்ஹூம் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் காலணியைக் கழற்றிவிட்டார். இனி அவர் வாயைத் திறக்க வேண்டியதுதான். குரல் போகப்போகிறதென்றால், மிச்சமிருப்பதை அதற்குச் செலவழித்துவிட்டுப் போகட்டும் என்று இன்ஷிராஹ் முடிவு செய்திருந்தாள். தன்னிடம் இருந்த ஒரே அழகான பொருள் அந்தக் குரல்தான் என்று அவளுக்குத் தெரியும். மூடிவைத்து இழப்பதைவிடப் பாடுபட வைத்து இழக்கலாம்.

மறுநாள் காலை ட்ராமில் ஏறியதும் தமியானாவிடம் கையை நீட்டினாள். தமியானா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நபவிய்யா முந்திக்கொண்டு எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

"கொடு" என்றாள் இன்ஷிராஹ், கரகரத்த குரலில்.

"முடியாதுக்கா."

"இப்ப விட்டா அப்புறம் எப்பவுமே முடியாம போயிடும். ஒரு அத்தியாயம்தானே."

"அந்த ஒரு அத்தியாயத்துக்காக உன் தொண்டைய அறுக்கச் சொல்றியா எங்கள?" என்று எழுந்து நின்றாள் நபவிய்யா. "செத்தவன் செத்துட்டான். கொன்னவன் எங்க ஓடிடப் போறான்? புத்தகத்துக்குள்ளதானே கெடக்கான். காத்துக் கெடக்கட்டும் நாய்!"

இன்ஷிராஹ் விடவில்லை. நேற்று நிறுத்திய வரி அவளுக்கு மனப்பாடம். புத்தகம் இல்லாமலே "பர்ஹூம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான், பின்வரிசையிலிருந்து ஒருத்தி கல்யாண வீட்டில் இடுவதுபோல நீளமாகக் குலவையிட்டாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். பெட்டி முழுக்கக் குலவை. வழியில் ஏறிய ஒரு பெண் மணப்பெண்ணைத் தேடிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் நாக்கைச் சுழற்றினாள். இன்ஷிராஹ் வாயைத் திறக்கும்போதெல்லாம் குலவை எழுந்தது. மூடினால் அடங்கியது. நபவிய்யா அவள் வாயைத் தன் கையால் பொத்தி, தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் இன்ஷிராஹ் அழுதாள்.

அறுவை நடந்தது. கட்டி நல்லதுதான், கவலையில்லை என்றார்கள். ஆனால் வெகுநாள் வாய் திறக்கக்கூடாது. தம்பி வீட்டுச் சன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் நடந்ததோ விபரீதம். கொலை இல்லாததால் பேச்சுக்கு மாமியார்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இத்தனை நாள் அடுத்தவள் வீட்டு விவகாரம் தெரியாமல் நிம்மதியாக இருந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துபோய், சண்டை, பேச்சு நிறுத்தம், இடம் மாறி உட்காருவது என்று ஏகக் களேபரம். அப்படியும் ஒருத்திகூடப் புத்தகத்தைக் கேட்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லாமல் இல்லை. தமியானா தினமும் அதைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள், திரும்பக் கொண்டுபோனாள். ஒருநாள் இன்ஷிராஹ் நபி தானியல் தெருவில் நடந்தபோது, அதே நாவலின் இன்னொரு பிரதி கடையில் கிடப்பதைப் பார்த்தாள். அட்டையில் அதே குளியல்தொட்டி, அதே தொங்கும் கை. குனிந்தால் எடுத்துவிடலாம். குனியாமல் போனாள். ஒரு பெட்டியே வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்போது தனியாகத் தெரிந்துகொள்வது அவளுக்குத் திருட்டாகப் பட்டது. எனக்கு இந்த நகரத்தில் வியப்பானவை நிறையத் தெரியும். பசிக்குச் சோறு கிடைக்கக் காத்திருப்பவர்களையும் தெரியும். ஒரு பெயருக்காக இப்படிக் காத்திருந்தவர்களை வேறெங்கும் கண்டதில்லை.

பேசலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த நாளில் இன்ஷிராஹ் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. கொஞ்சம் சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்தது. குரல் வரவில்லை. இனி இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் மறுபடியும் ட்ராம் ஏறிய காலையில் பெட்டி கொண்டாட்டமாக இருந்தது. கூவல், கட்டிப்பிடிப்பு, யாரோ கொண்டுவந்த எள் ரொட்டி. சன்னலோர இடம் காலியாகவே இருந்தது. தமியானா புத்தகத்தை நீட்டினாள். அடையாளத்துக்கு வைத்த மருந்துச் சீட்டு அசையாமல் அதே பக்கத்தில் இருந்தது.

இன்ஷிராஹ் திறந்து படித்தாள். தண்டவாளச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த நபவிய்யாவுக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது வரியை இன்னும் உந்திப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஒன்றும் வரவில்லை. புத்தகத்தை மூடித் தமியானாவின் மடியில் வைத்தாள்.

"நீ படி" என்று உதட்டை அசைத்தாள்.

தமியானா தொடவில்லை. நபவிய்யா அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி இன்ஷிராஹின் கையிலேயே திணித்தாள்.

"எனக்குக் கேட்டுச்சு. படி."

"மத்தவங்களுக்கு?"

"அத நான் பாத்துக்கறேன். படின்னா படி."

இன்ஷிராஹ் ஒரு வரியை மூச்சால் சொன்னாள். நபவிய்யா திரும்பி இருக்கையில் முழங்காலிட்டு நின்று, பின்வரிசையைப் பார்த்து அந்த வரியைச் சொன்னாள். வெறுமனே சொல்லவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் அதே கனத்த குரலில் சொன்னாள். கத்தவுமில்லை, கத்தினால் அது பர்ஹூம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பின்வரிசைக்காரி அதை வாங்கித் தனக்குப் பின்னால் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பணக்காரியின் மூக்குப் பேச்சு மூக்காலேயே போனது. வேலைக்காரன் விழுங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையும் விழுங்கியது. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவள் ஒரு கணம் தயங்கிவிட்டு, திரும்பி, எதிரியின் காதில் பருத்தி வியாபாரியின் மனைவியாக அழுதாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் கொடுத்தபடியே அடுத்தவளுக்குச் சொன்னாள். மத்தியானச் சமையலுக்குச் சுரைப்பிஞ்சு குடைந்துகொண்டு வந்தவர்களின் கத்திகள் நின்றுவிட்டன. அந்தப் பெட்டியில் அப்படியொரு அமைதி இருக்க முடியும் என்று யாரும் நினைத்ததில்லை. டிக்கெட் கொடுப்பவர் கிழிக்கும் சத்தத்துக்கே முறைத்தார்கள். மனிதர் டிக்கெட்டைக் கிழிக்காமல் சும்மா நின்றார்.

இன்ஷிராஹுக்கு ஒரு வரி போய்ச் சேரும்வரை செய்ய ஒன்றுமில்லை. அதனால் நிமிர்ந்து பின்பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் படிக்கும்போது அவள் நிமிர்ந்ததே இல்லை; கண் எப்போதும் அச்சில்தான். கேட்பவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

கடைசிப் பக்கம் வந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். நபவிய்யாவின் கண் விரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த வீட்டுக்கு முதல் தடவையா வந்த மனுஷன், குளியலறை எந்தப் பக்கம்னு யார்கிட்டயும் கேக்கல."

முதல் அத்தியாயத்தில் எல்லாரும் கேட்டதுதான். சாவு செய்தி கேட்டு வந்த டாக்டர் வஸ்ஃபி, பையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே நடந்தார். டாக்டர் என்றால் நடக்கத்தானே செய்வார் என்று பெட்டி முழுக்க விட்டுவிட்டது.

இன்ஷிராஹ் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரிசைக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த வரிசைக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்கள். தெரியாதவர்கள் வாய் பிளந்து முன்னால் சாய்ந்திருந்தார்கள். பிறகு அவர்களும் நெஞ்சில் கை வைத்தார்கள். அந்த உண்மை தன் வாயிலிருந்து புறப்பட்டு, முகம் முகமாக ஏறி இறங்கி, பெட்டியின் கடைசிவரை நடந்து போவதை அவள் கண்ணால் கண்டாள். ஒவ்வொரு முகமும் அது தொட்டதும் சின்னப் பெண்ணின் முகமாக மாறியது. பல் போனவள், கணவன் விட்டுப் போனவள், வட்டிக்கடைக்காரனுக்குப் பயந்து வேறு தெருவில் சுற்றிப் போகிறவள், எல்லாரும். இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் இதுவா நடந்துகொண்டிருந்தது? அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கடைசி வரிசையில் ஒருத்தி துள்ளி எழுந்தாள். "டாக்டரா! நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

"எப்படீ சொன்ன? நீ சமையக்காரன்னுதானே அடிச்சுப் பேசின!" என்று இங்கிருந்தே நபவிய்யா கத்தினாள்.

பெட்டி இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. ஆண்கள் பெட்டியிலிருந்து யாரோ சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாரு, யாரு கொன்னது?" என்று கேட்டான். "போய்ச் சொந்தமாப் புத்தகம் வாங்கிப் படிடா!" என்று நாலைந்து பேர் அவனைத் துரத்தினார்கள். இன்ஷிராஹும் சிரித்தாள், அவள் சிரிப்புக்குச் சத்தம் இல்லை.

ட்ராம் ரம்ல் நிலையத்தில் நின்றது. ஒருத்தியும் எழவில்லை. நபவிய்யா இன்னும் முழங்காலில் நின்றபடி, இன்ஷிராஹின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன் கொன்னானாம்? அதைச் சொல்லாம யாரும் இறங்கறதா இல்ல. ம், சொல்லு."