நன்றியுரையில் விடுபட்ட பெயர்

கடலூர் முதுநகரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, அண்ணாமலை நகரில் டி.டி.பி. கடை திறக்கும் கலியமூர்த்திக்கு ஒரு வழக்கம் உண்டு. கணினியில் எந்தக் கோப்பைச் சேமித்தாலும் அதன் பெயரைப் பிள்ளையார் சுழியில்தான் தொடங்குவார்.

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்த இளவரசி, அண்ணாகிராமத்தில் பதிவுசெய்த பேட்டிகளை அவரிடம் ஒப்படைத்தாள். இடம் போதாமல் தன் கைப்பேசியிலிருந்தும் அவற்றை நீக்கிவிட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சுழியிட்டு, பேசியவரின் பெயரைத் தமிழில் எழுதிவைத்தார். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளோ ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ள பெயர்களை மட்டுமே ஏற்றது.

"அண்ணே, உங்க பிள்ளையாரு கேட்டுலயே நிக்கிறாரு. உள்ள உட மாட்டேங்குது" என்று சிரித்தாள் இளவரசி.

"நாளைக்கு வாம்மா. எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வெக்கிறேன்."

எப்போதும் நகல் எடுத்துவைத்த பிறகே பெயர் மாற்றுபவர், அந்தக் கேலி உறுத்தியதில் அன்று மூலக் கோப்புகளிலேயே கைவைத்தார். ஏற்கப்படாத எழுத்துகளையெல்லாம் நீக்கக் கட்டளையிட்டார். தமிழ்ப் பெயர்கள் முழுவதும் மறைந்து, எல்லாக் கோப்புகளும் ஒரே வெற்றுப் பெயருக்கு வந்தன. ஒன்றின்மேல் ஒன்று பதிந்து, கடைசிப் பேட்டி மட்டும் மிஞ்சியது.

"வைரஸ் பூந்துடுச்சிம்மா" என்றார் மறுநாள்.

அவள் நம்பினாள். மீண்டும் ஊருக்குச் சென்று பதிவுசெய்தாள். முதல் முறை பேசி, இடையில் இறந்துவிட்ட பொன்னியின் குரல் மட்டும் கிடைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, என் கட்டுரையின் மெய்ப்பைத் திருத்த நான் அக்கடையில் அமர்ந்திருந்தேன். இளவரசி தன் ஆய்வேட்டுக்கு அவர் அடித்துக் கொடுத்த நன்றியுரையைப் படித்துப் பார்த்தாள்.

"வைரஸ்கிட்டேருந்து ஒரு பேட்டியாவது காப்பாத்திக் குடுத்தீங்கன்னு எழுதியிருந்தேனே. உங்க பேரு உட்டுப்போச்சுண்ணே."

"உட்டுப்போவல. நான்தான் அடிக்கல."

"ஏன், வெக்கமா?"

"ஆமாம்மா." அவர் விசைப்பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "வைரஸ் எதுவும் வரல. பேரு மாத்தறப்ப நான்தான் அழிச்சிட்டேன். காப்பி எடுத்து வெக்கல."

அவள் தாளை மடித்தாள், பின்பு பிரித்தாள்.

"அப்ப, பொன்னி அத்த பேசுனதும்?"

அவர் ஆமென்று தலையசைத்தார். இளவரசி தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியேறினாள். ஆய்வேட்டை வேறொரு கடையில் அச்சிட்டாள் என்று பின்னர் அறிந்தேன்.

மிஞ்சிய அந்தப் பேட்டி இன்றும் அவர் கணினியில் பெயரின்றிக் கிடக்கிறது. சுழியிட்டு அதற்கொரு பெயர் வைக்கக் கை கூசுகிறது என்கிறார்.