மூன்று பேர் சுமந்த துப்பாக்கி

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கணக்கு வாத்தியார் வீட்டில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். அப்போதெல்லாம் மழை முடிந்ததும் செம்பாக்கம் ஏரியில் காட்டு வாத்துகள் கூட்டமாக இறங்கும். அப்பா முறையாக லைசென்ஸ் வாங்கி சனிக்கிழமைகளில் சுடப் போவார். பெரும்பாலும் குறி தவறும். பிறகு அதற்குத் தடை வந்தது. அன்றோடு நிறுத்திக்கொண்டார். துப்பாக்கி மட்டும் மாதம் ஒருமுறை எண்ணெய் பூசிக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் நின்றது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் போய்த் திரும்ப வாங்கி வர வேண்டும். எங்களுக்குத் தாம்பரம் ஸ்டேஷன். பஸ்ஸில்தான் போவோம். தோட்டா போடாமல், கழற்றி, உறைக்குள் வைத்துக் கொண்டுபோனால் சட்டத்துக்குப் போதும். அப்பாவுக்குப் போதாது. ஒரு பை திருடு போனாலும் திருடன் கையில் முழுத் துப்பாக்கி போய்ச் சேரக் கூடாது என்பது அவர் போட்ட கணக்கு.

அதனால் மூன்று பைகள். இரட்டைக்குழலும் தோளில் வைக்கும் பெரிய கட்டையும் தோல் மூலைகள் தைத்த கித்தான் பெட்டியில், அப்பாவிடம். தோட்டாக்கள் பிஸ்கட் டப்பாவில், அம்மாவின் ஒயர் கூடையில். குழலுக்கு அடியில் மாட்டுகிற ஒரு சாண் மரத்துண்டு என் பள்ளிப் பையில். அது இல்லாவிட்டால் குழலும் கட்டையும் சேர்ந்து நிற்காது. சின்னக்கட்டை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். ஒருவர் பையை இன்னொருவர் தொடக் கூடாது. பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை பஸ்ஸில் கேட்டதற்கு, வீடு வந்து சேரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் கேட்பார்.

"சின்னக்கட்டை?"

"இருக்கு."

"தோட்டா?"

"இருக்கு" என்பாள் அம்மா. அதன் பிறகுதான் பூட்டு.

எனக்கு இந்தக் கூத்து அறவே பிடிக்காது. ஊரில் எல்லோரும் ஓட்டுப் போடப் போனால் நாங்கள் மட்டும் குடும்பத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோமே என்று எரிச்சலாக வரும். பஸ்ஸில் கண்டக்டர் யாராவது, "இன்னா சார் பொட்டில, பிடிலா?" என்று கேட்பார். "துப்பாக்கி" என்பார் அப்பா, முகம் மாறாமல். கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். "நான் உண்மையைச் சொல்லியாச்சு. நம்புறது அவர் இஷ்டம்" என்று அப்பா எங்களிடம் தாழ்ந்த குரலில் சொல்வார்.

எழுபதுகளின் நடுவில், ஒரு வியாழக்கிழமை, வகுப்பில் சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே அப்பா இறந்துபோனார். நான் அப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். அடக்கத்தின்போது நான் அழவில்லை. அழக் கூடாது என்றெல்லாம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று அத்தை கல்லறைத் தோட்டத்திலேயே சொன்னார். அத்தை சொன்னதில் தப்பில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனேன். அன்று அடித்த கடிதங்களில் ஒரு பிழைகூட இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் அது வேறு யாருடைய காலோ என்று இருந்தது.

நான்காவது வாரம் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போன பிறகு துப்பாக்கியை வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கடிதத்துடன் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் அம்மா மேல் வழக்கு. அம்மா அதை நாலு தடவை படித்தாள். "போலீஸ் கேஸ்னு வந்தா சர்ச்ல எப்படி முகத்தைக் காட்டுறது?" என்றாள். சனிக்கிழமைக்கு இருந்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"சின்னக்கட்டை?"

"இருக்கு." என் ஜோல்னாப் பையைத் தொட்டுக் காட்டினேன். "தோட்டா?"

"இருக்கு."

வீட்டைப் பூட்டினோம். பஸ் சீக்கிரமே வந்தது.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அப்பாவைப் பல வருடமாகத் தெரிந்தவர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பொருளை மேசையில் வைக்கச் சொன்னார். அம்மா பிஸ்கட் டப்பாவை வைத்தாள். நான் சின்னக்கட்டையை, சுற்றியிருந்த துணியைப் பிரித்து, அதன் பக்கத்தில் வைத்தேன். ரைட்டர் இரண்டையும் பார்த்தார். எங்களையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? துப்பாக்கி எங்க கீது?"

"அவர்கிட்ட இருக்கு" என்றாள் அம்மா.

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். எப்போதும் பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கி, பெட்டியோடு மெதுவாக வருபவர் அப்பாதான். வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அவ்வளவுதான்.

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். அம்மாவுக்கு என்ன சொன்னோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"பரவால்லம்மா, வூட்லதானே கீது? பொண்ணு போய் எடுத்துகினு வரட்டும்" என்றார் ரைட்டர். கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "வழியில யாராச்சும் கேட்டா காட்ட இது கையில இருக்கட்டும். அஞ்சுக்குள்ள வந்துடும்மா. இன்ஸ்பெக்டர் வந்துட்டா பேஜாராயிடும்."

வீட்டில் பெட்டி வாசல் கதவுக்கு உள்ளே, அப்பா எப்போதும் வைக்கிற இடத்தில் நின்றது. காலையில் அம்மாதான் துடைத்து அங்கே வைத்திருந்தாள். இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறோம். அப்பாவிடம் "பெட்டி?" என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை. அதனால் அன்றும் யாரும் கேட்கவில்லை.

தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். கைப்பிடித் தோல் அவர் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. திறந்து சரிபார்த்தேன். குழல் இருந்தது, கட்டை இருந்தது, இடையில் சின்னக்கட்டைக்கான பள்ளம் காலியாக இருந்தது. மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னாம்மா பொட்டில?" என்றார் கண்டக்டர்.

"துப்பாக்கி."

அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. பெட்டியை அப்பா வைப்பதுபோல் இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். பிஸ்கட் டப்பாவை மறுபடி மடியில் எடுத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பெட்டி?" என்று கேட்டாள்.

இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு சொல் வரவில்லை. ரைட்டர் என் கையிலிருந்து பெட்டியை வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. ஸ்டேஷன் நடுவில், அத்தனை பேர் முன்னால், பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்காக அழுதேன். ரைட்டர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து தேதியைப் போட்டுவிட்டு, நான் கொடுக்கும்வரை காத்திருந்தார்.