பெட்டியில் விழாத பட்டுத் துண்டுகள்

நீங்கள் என் வேலையை அளந்த விதம் தப்பு. அந்தத் தப்பை என் தலையில் கட்டி என்னைக் கடையிலிருந்து துரத்தினீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவனாக இருந்தேன். நீங்கள் முதலாளியின் மாப்பிள்ளை. மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் விற்பனை வேலை பார்த்துவிட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். ஒரு தரம் வாங்கியவர்கள் மறுபடியும் நம் கடைக்கே வந்தால் பரிசு தர வேண்டும் என்றீர்கள். நல்ல யோசனைதான். அதில் எனக்குச் சண்டையில்லை.

சீட்டு அச்சடித்தால் கள்ளச்சீட்டு வந்துவிடும் என்று பயந்தீர்கள். அதனால் ஒவ்வொரு முகூர்த்தப் புடவையிலும் விரல் நீளம் கூடுதலாக நெய்யச் சொல்லி, வாங்குபவர் கண்ணெதிரே அதை வெட்டி அவர் கையில் கொடுக்கச் சொன்னீர்கள். அடுத்த முறை வரும்போது துண்டைத் திருப்பிக் கொடுத்தால் பட்டு ரவிக்கைத் துணி இனாம். துண்டின் மூலையில் விற்றவனுக்கென்று ஒரு நிற நூல். எனக்குப் பச்சை. திரும்பி வரும் துண்டுகளைத் தகரப் பெட்டியில் போட வேண்டும். தை முடிவில் பெட்டியைக் கொட்டிப் பார்ப்பீர்கள். எவன் நிற நூல் குறைவோ அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த ஊரில் ஒரு பட்டுக்கடை நிறுத்தியவனை இன்னொரு பட்டுக்கடை சேர்க்காது. சரக்கில் கை வைத்திருப்பான் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் மனைவி, கைக்குழந்தை. பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் உள்ளே பச்சை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

முகூர்த்தப் புடவை எடுப்பவர்கள் அதை நேரே வீட்டுக்கா கொண்டுபோவார்கள்? கோயிலுக்குப் போய் அம்மன் காலடியில் வைத்து, குங்குமத்தோடு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். துண்டும் அதே தட்டில் போனது. அங்கே போய் வந்த பிறகு அது உங்கள் சீட்டு இல்லை. உங்களுக்கு அது புரியவில்லை.

தை பிறந்ததும் வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா வீட்டுக்காரரோடு வந்தார். வைகாசியில் மகள் கல்யாணப் புடவையை என்னிடம் எடுத்தவர். இப்போது வளைகாப்புப் புடவை. என்னைத் தேடி வந்து என் முன்னால்தான் உட்கார்ந்தார். எடுத்து முடித்ததும் கேட்டேன்.

"துண்டு கொண்டாந்தீங்களாம்மா?"

"வூட்ல இருக்குது தம்பி. பொண்ணு அதை மஞ்சத்துணியில முடிஞ்சி சாமி மாடத்துல வச்சிக்கினு இருக்குது."

"அதைக் குடுத்தா ரவிக்கைத் துணி சும்மா கெடைக்கும்மா."

"இன்னாப்பா பேசற? அம்மன் காலடியில வச்சி வந்தது. புள்ளத்தாச்சிப் பொண்ணு. அதைத் தகரப் பெட்டியில போட்டுட்டு ஜாக்கெட்டுத் துணி வாங்கிக்கினு போவச் சொல்றியா?"

வீட்டுக்காரர் சிரித்தார். "எனக்கு ஒரு வேட்டி குடுப்பா. பொண்ணுக்குத் தெரியாம நான் எடுத்தாந்து தர்றேன்."

"இந்த ஆளை மொதல்ல வூட்டுக்குள்ள சேத்தாத்தானே!" என்றார் அந்த அம்மா. கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"அம்மா, என் பொழப்பே அதுலதாம்மா இருக்குது" என்றேன். காலில் விழாத குறை.

"நான்தான் உன்கிட்டயே திரும்பி வந்து வாங்கிக்கினு நிக்கிறேனே. அதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

வாசல்வரை போய் அவர்களுக்கு வணக்கம் சொன்னதும் நீங்கள்தான். அன்று சாயந்திரம் உங்களிடம் கெஞ்சினேன். துண்டைக் காட்டினால் போதும், திருப்பித் தர வேண்டாம் என்று மாற்றுங்கள் என்றேன். ஒரே துண்டைத் தெருவே கொண்டுவந்து காட்டும் என்றீர்கள்.

தை முடிவில் பெட்டியைக் கொட்டினீர்கள். குவியல் முழுக்கச் சிவப்பு நூல். சிவப்பு நூல்காரன் வெளியூர் வியாபாரிகளுக்கு மொத்தமாகப் போடுகிறவன். அவர்கள் துண்டைக் கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதே இல்லை. அடுத்த சரக்கு எடுக்க வரும்போது கொத்தாகக் கொடுத்துவிட்டு, இனாம் ரவிக்கைத் துணியையும் வாங்கிப்போய் விற்றார்கள். அதைத்தான் வாடிக்கையாளரின் விசுவாசம் என்றீர்கள். பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தது.

"உன் ஆளுங்க யாருமே திரும்பி வரலியே" என்றீர்கள்.

"வந்தாங்க சார். வாலாஜாபாத் அம்மா வந்தாங்களே, நீங்களே வணக்கம் சொன்னீங்களே."

"துண்டு எங்கேப்பா?"

முதலாளியைப் பார்த்தேன். என்னை வேலைக்குச் சேர்த்தவர் அவர். மாப்பிள்ளை பேசும்போது குறுக்கே பேசினால் மகளுக்குச் சங்கடம் என்று வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து தெருத்தெருவாகக் கடை ஏறினேன். எல்லோரும் என்னை அறிந்தவர்கள். "அங்க இன்னாப்பா பண்ண?" என்று மட்டும் கேட்டார்கள். பரிசுத் துண்டு கதையைச் சொன்னால், ஒரு துணித்துண்டுக்காக யாராவது ஆளை நிறுத்துவார்களா என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நான் சரக்கில் கை வைத்தேன் என்ற பேச்சு குழாயடிக்கு வந்தது. என் மனைவி குடத்தோடு போனால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தைக்கப் போனேன். பட்டைப் பிரித்துப் போட்ட கை சணலில் கிழிந்தது.

இப்போது நீங்கள் வியாபாரிகள் கூட்டத்தில் மேடை ஏறி, வாடிக்கையாளரைத் தக்கவைப்பது எப்படி என்று பேசுகிறீர்களாம். அந்தத் துண்டுத் திட்டத்தையும் பெருமையாகச் சொல்கிறீர்களாம். பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். அதே ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று எனக்குப் பதில் சொல்லுங்கள். நான் உங்கள் கடையில் எதையாவது திருடினேனா? இல்லையென்றால் என்னை ஏன் நிறுத்தினீர்கள்? என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். ஊர் கேட்கச் சொல்லுங்கள்.