பக்கவாட்டில் ஒரு கேட்

அந்தக் கண்ட்ராக்டர் என்னை "அங்கிள்" என்று கூப்பிட்ட நிமிடத்திலேயே எனக்கு அவர் மேல் பொறாமை வந்துவிட்டது. எனக்கு அறுபத்திரண்டு வயது, அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அதே வாயால், அதே மூச்சில், என் மனைவியை "அக்கா" என்றார். எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். அக்காவின் புருஷன் எந்த ஊரில் அங்கிள் ஆவான்? அண்ணன் என்றோ அத்தான் என்றோ சொல்லியிருந்தால் நாக்கு வெந்து போயிருக்குமா?

அவர் வந்தது எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையை அகலமாக்க. ஸ்கூடாய் பக்கம் வரிசை வரிசையாக வீடு கட்டிய ஒரு தாமானில் எங்கள் வரிசையின் கடைசி வீடு எங்களுடையது. முன்னால் ஒரே கேட். கேட்டிலிருந்து வாசல்வரை ஒரு கார் போகும் அகலத்துக்கு சிமெண்டு, மற்றதெல்லாம் புல். இரண்டு கார் நிற்க வேண்டுமென்றால் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். அவளுடைய சின்னக் கார் உள்ளே நிற்கும். என்னுடையது அதற்குப் பின்னால், கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அவள் வெளியே போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டாக வேண்டும்.

"ஏங்க, காடிய கொஞ்சம் எடுங்க."

அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் உடனே எழுந்திருக்க மாட்டேன். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை முடித்துவிட்டு, சாவியைத் தேடுகிற மாதிரி தேடிவிட்டு, மெல்லப் போவேன். அதற்குள் சில நாள் அவளுக்குப் போகிற ஆசையே போய்விடும்.

அவளுக்கு எதற்குக் கார் என்றுதான் நான் முதலில் கேட்டேன். இருபத்தாறு வருஷம் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வந்தவள். நான் மூவார் மரச்சாமான் தொழிற்சாலைகளின் நாற்காலி, மேசைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு இந்தத் தீபகற்பம் முழுக்கச் சுற்றியவன். எங்கள் வீட்டில் ஸ்டீயரிங் என்றால் நான்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே அவள் எனக்குச் சொல்லாமல் கார் ஓட்டப் பழகப் போனாள். முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் மூன்றாவது தடவைதான் தேறினேன். இந்த உண்மையை நான் முப்பத்தோரு வருஷமாக அவளிடமிருந்து காப்பாற்றி வந்திருந்தேன். லைசென்ஸ் கையில் வந்த அன்று, "நீங்க எத்தன தடவ எடுத்தீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

பிறகு தன் சேமநிதிப் பணத்தில் ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"எதுக்கு இது? நான் இருக்கேன்ல?" என்றேன்.

"நீங்க இருக்கீங்க. நான் கேக்கிறப்ப இருக்க மாட்டீங்களே."

அவள் சொன்னது பொந்தியானைப் பற்றி. பொந்தியானில் இருக்கும் அவளுடைய அக்காவுக்குப் போன வருஷம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறியது. வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டும் என்று இவள் துடித்தாள். நான் மாதம் ஒரு தடவை கூட்டிப் போனேன், அதுவும் மனம் வந்தால். மற்ற நேரத்தில் மழை என்பேன், டயர் சரியில்லை என்பேன், அன்றைக்குப் பந்து விளையாட்டு என்பேன். உண்மைக் காரணத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அக்காவும் தங்கையும் சேர்ந்தால் அந்த வீட்டில் ஒரு சிரிப்புக் கேட்கும். வயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணில் தண்ணீர் வரவழைத்து, மூச்சு முட்ட நிற்கிற சிரிப்பு. நோய் வந்த பிறகும் அது குறையவில்லை. என் வீட்டில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. படுத்திருக்கும் ஒரு மனுஷி மேல் பொறாமைப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பட்டேன்.

கார் வந்த பிறகும் அவளால் பொந்தியானுக்குப் போக முடியவில்லை. "அது லாரி ஓடுற ரோடு, உனக்குப் பழக்கம் இல்ல, அடுத்த வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு என் காரை அவள் காருக்குப் பின்னால் நிறுத்திவிடுவேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை, எட்டு மாதம் இப்படியே போனது. ஒன்பதாவது மாதம் அவள் சண்டை போடவில்லை. கண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் கறுத்த ஆள், இடுப்பில் அளவு நாடா. வந்ததும் வராததுமாக அவருக்கு விருந்தாளிக் கோப்பையில் தேநீர், கூடவே சூடாகப் பொரித்த வாழைப்பழம். எனக்கு வழக்கமான விளிம்பு உடைந்த கோப்பை. பழம் மிச்சம் இருந்தால் கிடைக்கும். அவர் குந்தி உட்கார்ந்து தரையைத் தட்டிக் காட்டினார். அவளும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கம்பி வலை எவ்வளவு கனம், சாய்வு எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி லோங்காங் சாக்கடையில் போய் விழும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதில்லை.

நான் எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசினேன். கனம் போதாது என்றேன், சாய்வு அதிகம் என்றேன். "நீங்க சொல்றதும் பாயிண்டுதான் அங்கிள்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவர் நினைத்ததையே நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய திட்டம் எளிமையானது. இடது பக்கப் புல்லை எடுத்துவிட்டு சிமெண்டு போடுவது, கேட்டை அகலமாக்குவது. இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவரவர் அவரவர் நேரத்துக்குப் போகலாம். ஒரே ஒரு இடைஞ்சல்தான். இடது மூலையில் தானாக முளைத்து வளர்ந்த ஒரு வேப்பமரம். அதை வெட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சாமி அலமாரியிலிருந்து ஒரு துண்டு வெள்ளைத் துணியை எடுத்தேன். மஞ்சள் கரைத்து முக்கினேன். வேப்பமரத்தைச் சுற்றிக் கட்டி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தேன். இந்த நாட்டில் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரத்தில் எவனும் கை வைக்க மாட்டான். லாரி ஓட்டிய காலத்தில், அப்படி ஒரு மரத்துக்காகச் செம்பனைத் தோட்டத்துப் பாதையே வளைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். மரம் நிற்கும். மரம் நின்றால் தரை அகலமாகாது. தரை அகலமாகாவிட்டால் அவள் என்னைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

கண்ட்ராக்டர் மரம் அறுக்கும் இயந்திரத்தோடு வந்தார். மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"அலாமாக்! அக்கா, அம்மா இருக்கிற மரம்னு சொல்லவே இல்லையே!"

அவள் வெளியே வந்தாள். மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளும் கும்பிட்டாள். எதிர்வீட்டுச் சீனக் கிழவி சாலையைக் கடந்து வந்து விசாரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மூன்று ஊதுவத்தியும் நான்கு ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சோறு போடும்போது, "கையை எலுமிச்சங்கா போட்டுத் தேய்ங்க. நகமெல்லாம் மஞ்சளா இருக்கு" என்றாள் மனைவி.

எனக்கு முகத்தில் அசடு வழிந்தது. "தெரிஞ்சா அவுத்துட வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தேன்.

"கட்டினது நீங்கதான். ஆனா நான் கும்பிட்டுட்டேன், அந்தத் தம்பி கும்பிட்டுட்டாரு, எதிர்வீட்டு ஆன்ட்டி ஊதுவத்தி ஏத்திட்டாங்க. இனி யாரு அவுக்கிறது? நீங்க போய் அவுப்பீங்களா?"

ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தேன். நானே கரைத்த மஞ்சள், நானே போட்ட முடிச்சு. ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரோ எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிவிட்டார்கள். லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டு மரத்தடியில் ஒருவர் கார் போகும் வழியில் காலை நீட்டிக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். என் கார் வெளியே வர அவரை எழுப்ப வேண்டியிருந்தது. இருந்தாலும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை கண்ட்ராக்டர் திரும்ப வந்தார். நேராக மரத்துப் பக்கம் போகாமல், வீட்டின் வலது பக்கமாகச் சுற்றி நடந்தார். கடைசி வீடு என்பதால் அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதற்கப்பால் மதில், மதிலுக்கு வெளியே சின்னச் சாலை.

"அக்கா, உங்களுது கோர்னர் வீடுலா! எனக்கு அன்னைக்கே தோணியிருக்கணும். இந்தச் சுவத்த உடைச்சு உங்களுக்குத் தனி கேட் போட்ரலாம். அங்கிள் காடி முன்னால நிக்கட்டும், உங்க காடி இங்க நிக்கட்டும். யாரும் யாரையும் கேக்க வேணாம்."

"நகர மன்றத்துல விடமாட்டாங்க" என்றேன்.

"அனுமதியெல்லாம் நான் எடுத்துத் தரேன் அங்கிள்." பிறகு முன்பக்கம் திரும்பி மரத்தை நோக்கிக் கைகூப்பினார். "அம்மாவே வழி காட்டிட்டாங்க, பாத்தீங்களா அக்கா?"

அந்த மனிதர் உண்மையான பக்தியோடுதான் சொன்னார். என் மனைவி உதட்டைக் கடித்தாள். கடித்துப் பார்த்தும் முடியவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதே சிரிப்பு, பொந்தியான் சிரிப்பு. என் வீட்டில் முதன்முதலாக அது கேட்டபோது அவளைச் சிரிக்க வைத்தது யாரோ ஒருவர், சிரிப்புக்கு ஆளானது நான்.

நான் சும்மா இருந்திருந்தால் இரண்டு காரும் ஒரே கேட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கும். அவள் கிளம்புவதை ஹாலிலிருந்தாவது பார்த்திருப்பேன்.

அனுமதி வந்தது. மதிலை உடைத்தார்கள், மண்ணை வெட்டி எடுத்தார்கள், கல் நிரப்பி இடித்தார்கள், பலகை அடித்துக் கம்பி வலையை விரித்தார்கள். சிமெண்டுக் கலவை லாரி சின்னச் சாலையில் பின்பக்கமாக ஏறி வந்ததைப் பார்த்தேன். அந்த டிரைவர் ஒரே மடக்கில் ஏறினான், அவன் மேலும் பொறாமையாக இருந்தது. வழுக்காமல் இருக்க, ஈரம் காய்வதற்குள் மேலே விளக்குமாற்றால் நேர்நேராகக் கோடு இழுத்தார்கள். எல்லோரும் போன மறுநாள் குறை கண்டுபிடிக்கலாம் என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். எங்கும் தேங்காமல் ஒரு சொட்டு விடாமல் லோங்காங்கில் போய் இறங்கியது. நல்ல வேலை. சொல்ல மனம் வரவில்லை.

"வெடிக்காம இருக்கணும்னா காலையில சாயங்காலம் தண்ணி விடணும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் அந்த வேலையை எனக்குக் கொடுத்தாள். பத்து நாள், இரண்டு வேளை, ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு அவள் போகப்போகும் வழிக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை பத்திரிகையோடு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். காது தானாக அடுக்களைப் பக்கம் இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பக்கவாட்டில் கேட் உருளும் சத்தம் கேட்டது, பிறகு இன்ஜின் சத்தம். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போவதற்குள் சாலை காலியாக இருந்தது. மேசையில் சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருந்தாள். அன்று முழுக்க நான் வாசலுக்கும் பக்கவாட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மாலையில் வந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. ஒரு அன்னாசிப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, கைகூடக் கழுவாமல் பேச ஆரம்பித்தாள்.

"ஒரு லாரிக்காரன் வழியே விடலைங்க. ரொம்ப தூரம் பின்னாலயே போனேன். அப்புறம் சிக்னல் போட்டு முந்திட்டேன்!"

"சரி, அக்கா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"கை கொஞ்சம் அசையுது. பேசுறது இன்னும் சரியா புரியல. கூட யாராவது உக்காந்து பேசிக்கிட்டே இருந்தா சீக்கிரம் தேறும்னு டாக்டர் அப்பவே சொன்னாராம். போன வருஷமே சொன்னாராம்."

அவள் அன்னாசியின் முள்ளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா கேட்டுச்சு, ஏன் இவ்வளவு நாளா வரலன்னு."

"நீ என்ன சொன்ன?"

"காடிய வெளிய எடுக்க முடியலன்னு சொன்னேன்."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை, எழுந்து கை கழுவப் போனாள். பிறகு அடுக்களை வாசலில் போய் நின்று, "அடுத்த சனிக்கிழமை நானும் வரட்டா?" என்று கேட்டேன். அவளிடம் இப்படி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"ஏழு மணிக்குக் கெளம்புவேன். காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

சனிக்கிழமை ஆறரைக்கே நான் பக்கவாட்டுத் தரைக்குப் போய் அவள் காரின் இடது பக்கக் கதவருகில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. கூப்பிடவில்லை, அவள் வரும்வரை நின்றேன்.