அந்த போர்டைத் தூக்கிப் போட்டது நான்தான்

என் நண்பனின் குரல் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கிறது. அந்த டிஸ்க்கை இனி யாராலும் திறக்க முடியாது. காரணம் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை அவனுக்கு. ஒரு நாள் ஷிப்டு முடிந்து பைக்கில் நெட்டுக்குப்பத்துக்குத் திரும்பும்போது டிரைலர் லாரி அடித்துச் செத்தான். எங்கள் பக்கச் சாலைகளில் இது செய்தியே இல்லை. போலீசில் 'கவனக்குறைவு' என்று எழுதினார்கள். யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். வீடு எர்ணாவூரில். அங்கே நானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கேமிங் பிசி இருக்கிறது. அவன் வைத்திருந்தது கேம் கன்சோல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துண்டில் சுற்றி, கூடையில் போட்டு எடுத்துவருவான். ஒரே கால்பந்து விளையாட்டை இரண்டு திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எதில் புல் நன்றாகத் தெரிகிறது என்று சண்டை போடுவோம். கல்யாணமான இரண்டு ஆம்பளைகள்.

பலம் என்று பார்த்தால் என் பிசிதான். அதில் கிராபிக்ஸ் கார்டு தனி, அந்தக் கார்டுக்கு மெமரி தனி, விசிறி தனி. அவனுடையதில் ஒரே சிப்புக்குள் பிராசஸரும் கிராபிக்ஸும். இரண்டும் ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒண்டுக்குடித்தனம் என்று கிண்டல் செய்வேன். ஆனால் அந்தச் சின்னப் பெட்டி அவ்வளவு சுத்தமாக விளையாட்டை ஓட்டியதை நான் அவனிடம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

"மாமு, கன்டெய்னரு இன்னாத்துக்கு எல்லாம் ஒரே சைஸுல கீது? அப்பதான் கிரேனு கண்ண மூடிகினு தூக்கும். என் பொட்டி அப்டி. கேம் பண்றவனுக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியும், அத வெச்சி அளவா பண்றான். உன்னுது லூஸு சரக்கு. ஒவ்வொருத்தன் வூட்லயும் ஒவ்வொரு மாதிரி."

"லூஸு சரக்குன்னா பிரிக்கலாம்டா. ஒண்ணு போனா ஒண்ண மாத்தலாம். உன்னுது செத்தா மொத்தமா செத்துது."

"தொறந்து தொறந்துதான் உன் பொட்டி ஃபுல்லா சாம்பலு. போன மாசம் கூட கழட்டிப் போட்டுகினு உக்காந்துருந்த. கலீஜு."

அது உண்மை. எங்கள் ஊரில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும், கடலிலிருந்து உப்பும் வரும். காற்று நன்றாகப் போகட்டும் என்று வலைபோட்ட கேபினட் வாங்கினால் அந்தக் காற்றோடு எல்லாம் உள்ளே போகும். ஆனால் அவன் பெட்டியும் தப்பவில்லை. விசிறி சாம்பல் தின்று தின்று தேய்ந்து, ஓடும்போது ஏரோப்ளேன் கிளம்புவது போலக் கத்தும். அதற்கு மேல் குரல் எழுப்பித்தான் அவன் பேசுவான். அவன் வீட்டில் எல்லோருமே அப்படித்தான் பேசினார்கள்.

அவன் செத்து மூன்றாவது மாதம், அவன் மனைவி அந்தப் பெட்டியை அதே துண்டில் சுற்றி எடுத்துவந்தாள்.

"லைட் எரிஞ்சி எரிஞ்சி நின்னுடுதுண்ணா. இதுல அவர் வெளாடுறப்ப பேசுனதெல்லாம் ரெக்கார்டு ஆயிருக்கும்ல?"

ஆயிருக்கும். நன்றாக விளையாடிய ஆட்டங்களை மைக்கில் கத்தியதோடு சேர்த்துச் சேமித்து வைப்பான். எனக்கே போட்டுக் காட்டியிருக்கிறான்.

"வேற எதுலயும் அவர் வாய்ஸு இல்ல. போனு லாரிக்கு அடியில போயிடுச்சி. கல்யாண வீடியோல அவர் வாய் மட்டும் அசையுது, மேல சினிமாப் பாட்டு. எனக்கு அவர் கொரலு வோணும்ணா. மறந்துடுவன்னு பயமா கீது."

"இன்னாம்மா பெரிய விஷயம்? டிஸ்க்கு நல்லா இருந்தா எல்லாம் வந்துடும்" என்றேன். கேட்டது ஒரு குரல். நான் கொடுத்தது ஒரு மெக்கானிக்கின் வாய்.

திறந்தேன். உள்ளே மதர்போர்டு முழுக்க உப்பு பூத்திருந்தது. டிஸ்க்கைக் கழற்றிச் சோதித்தேன், ஒரு கீறல் இல்லை. ஆபீசில் நான் செய்கிற வேலையே இதுதான். சிஸ்டம் படுத்தால் டிஸ்க்கை உருவி வேறு சிஸ்டத்தில் போடு, அரை மணி நேரத்தில் பில்லிங் ஓடும். நூறு தடவை செய்திருப்பேன். டிஸ்க் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது என்பது என் கைக்குப் படிந்த பழக்கம். அதே மாடல் பழைய போர்டு ஒன்று வாங்கிப் போட்டேன். புது விசிறி போட்டேன். பழைய விசிறி வேறு எதற்காவது ஆகும் என்று டிராயரில் வைத்தேன். செத்த போர்டை வாசலில் இருந்த ஸ்கிராப் மூட்டைக்குள் எறிந்தேன். மறுநாளே காயலான் கடைக்காரன் மூட்டையைத் தூக்கிப்போய்விட்டான்.

அதற்கு அடுத்த நாள் சாவகாசமாக ஆன் செய்தேன். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியாது, புதிதாகத் தயார் செய்ய வேண்டும், உள்ளே உள்ளது அழிந்துவிடும் என்று திரை சொன்னது. என் பிசியில் மாட்டினேன். குப்பை எழுத்துகளாக வந்தது. அதன்பிறகுதான் விசாரித்தேன். கன்சோலில் டிஸ்க்கும் போர்டும் ஜோடியாம். டிஸ்க்கில் எழுதுவதைப் பூட்டுகிற சாவி அந்தப் போர்டில்தான் இருக்குமாம். வேறு போர்டுக்கு அது திறக்காது, அதே போர்டைத்தான் ரிப்பேர் செய்திருக்க வேண்டும். விளையாட்டைத் திருடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பாவிகள். செத்தவன் குரலை எவன்டா திருடப்போகிறான்?

மறுநாள், காயலான் கடைக்காரன் சரக்கு போடுகிற வியாசர்பாடிக் கிடங்குக்கு ஓடினேன். அங்கே போர்டுகள் மலையாகக் கிடந்தன. பாதிக்குமேல் உடைத்துச் சிப்பு பிடுங்கியவை.

"நைனா, முந்தா நாள் எர்ணாவூர்லர்ந்து வந்த மூட்டை?"

கிடங்குக்காரர் சிரித்தார். "செத்த போர்டுக்கு இன்னா, பேரெழுதி ஜாதகத்தோட வெப்பமா? தேடிக்கோ, போ."

இரண்டு நாள் லீவு போட்டுத் தேடினேன். கை முழுக்கக் கீறல். கிடைக்கவில்லை.

அவன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். பிசி பிசி என்று பீற்றிக்கொண்டேனே, அதிலாவது அவன் குரல் இருக்கிறதா? அதிலும் பதிவு செய்திருந்தேன். புது விளையாட்டுக்கு இடம் போதவில்லை என்று போன வருடம் நானே அழித்தேன். பூட்டில்லாத பெட்டி, ஒரு பட்டனில் போயிற்று. இப்போது என் பிசியை ஆன் செய்தால், விசிறி சுழல ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில் "மாமு" என்று கேட்கிறது. மூன்று விசிறியையும் மாற்றிவிட்டேன். இன்னும் கேட்கிறது.

ஒரு மாதம் அவளிடம் பொய் சொன்னேன். பார்ட்ஸ் வரவில்லை என்றேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியையும் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போர்டை எறிந்ததையும்.

அவள் டிஸ்க்கைக் கையில் வாங்கினாள். "உள்ள கீறாருல்ல?"

"கீறான்மா. தொறக்க முடியாது."

திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் டிஸ்க்கை அவன் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பீரோவைச் சாத்தினாள். "பொட்டியாவது ஓடுதா?"

வேறு டிஸ்க் போட்டிருந்தேன். ஆன் செய்தேன். நீல விளக்கு எரிந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"இன்னாண்ணா, சத்தமே இல்ல?"

"புது விசிறிம்மா. கிளீன் பண்ணிட்டேன்."

அவள் துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்தச் சத்தத்தையும் நானே துடைத்துவிட்டேன் என்று. எழுந்து எர்ணாவூர் போய், டிராயரிலிருந்த பழைய விசிறியைச் சாம்பலோடு எடுத்துவந்து மாட்டினேன். துடைக்கவில்லை.

"இத போட்டா சூடேறி இந்த போர்டும் ஒருநாள் போயிடும்மா."

"போனா போட்டும். நீ போடுண்ணா."

அந்த விசிறி முதலில் கரகரத்தது, பிறகு கத்தியது. அந்த ஒற்றை அறை முழுக்க அந்தச் சத்தம்.

"டீ குடிக்கிறியாண்ணா?" என்று அதற்கு மேல் கத்தினாள்.

"வேணாம்மா!" என்று நானும் கத்தினேன்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். அடுத்துக் கத்த வேண்டியவன் அவன்.