மேற்கு வீட்டில் வைத்த பை

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். இடம், கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் தெரு. எதையும் நாள், கிழமையோடு சொல்லிப் பழகியவன் நான். ஆனால் இந்த ஒரு பயணம் எந்தக் கிழமையில் தொடங்கியது என்று கேட்டால் மட்டும், கொஞ்சம் கதை சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் வேலை. விடுமுறை நாளில் பழைய கோவில், கல்லறை, கல்வெட்டு என்று சுற்றுவேன். மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளுக்கு வெளிநாடு போய்ப் பனி மலையைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் முறை டிக்கெட் போட்டபோது கொரோனா வந்தது. அடுத்த முறை மாமனார் படுக்கையில் விழுந்தார். அதற்குள் அவளுடைய பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிவிட்டது. புதிய பாஸ்போர்ட் தபாலில் வந்த அன்று பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுவாவது அழுக்காகட்டும்" என்றாள்.

எங்கே போவது என்று பேச்சு வந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் சிங்கப்பூர் என்றாள். நான் அர்மேனியா என்றேன்.

காரணம் பரங்கிமலை. அந்த மலைக்கு ஏறும் நீண்ட படிக்கட்டைக் கட்டிக் கொடுத்தவர் மதராஸில் வாழ்ந்த ஓர் அர்மேனிய வணிகர். உலகின் முதல் அர்மேனிய மொழிப் பத்திரிகை அச்சானதும் அர்மேனியாவில் அல்ல, நம் மதராஸில்தான். நம் ஊருக்குப் படி கட்டிக் கொடுத்தவர்களின் ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. இதைச் சொன்னதும் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இத்தனை தூரம் பறந்து போயும் கல்லறைதானா?"

"பனி மலை இருக்கு. தலைநகரத்துல எங்க நின்னாலும் தெரியுமாம்."

"அப்ப சரி. காலைல மலை, சாயங்காலம் உங்க கல்லு."

அவளுடைய பள்ளியில் விஷயம் பரவியதும் சக ஆசிரியை ஒருவர், "பாரிமுனைல இருக்குற அர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கா டீச்சர்? எலெக்ட்ரிக் ட்ரெயின்லயே போயிடலாமே" என்று கேட்டாராம். இவளும் விடாமல், "ஆமா, ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அங்கே மடாலயங்கள் எல்லாம் மேட்டின் மேல்தான் இருக்கின்றன. அவளுக்கோ முழங்கால் வலி. அதனால் பொங்கல் முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் விடியற்காலையில் பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பழகினோம். எங்கள் மேற்கு வீட்டு அக்காவும் கூட வருவார். அவர் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். கிறிஸ்தவர். வழியில் உள்ள சிலுவை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஜெபம் செய்வார். அந்த இடைவெளியில் என் மனைவி உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்வாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுமையா ஜெபம் பண்ணுங்க" என்று அவள் கெஞ்சுவதும், "உன் முட்டிக்கும் சேத்துதான் பண்ணிக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்று அவர் சொல்வதும் எல்லா ஞாயிறும் நடக்கும்.

திட்டமிடுவது என் பொறுப்பு. பெருமைக்குச் சொல்லவில்லை, அதை ஒழுங்காகவே செய்தேன். விசா, துபாயில் விமானம் மாறுவது, எந்த மடாலயம் எந்தக் கிழமை, சைவச் சாப்பாடு எங்கே என்று எல்லாமே தயார். ஆனால் எனக்குச் சரிப்பட்ட டிக்கெட் ஞாயிற்றுக்கிழமையில்தான் கிடைத்தது. அன்று மேற்கே சூலம். நாங்கள் போவதும் மேற்கே. இரண்டு முறை தடைப்பட்ட பயணம் என்பதால் இந்த முறை மனைவி எதையும் விடுவதாக இல்லை.

"பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றாள்.

நாள் சரியில்லாதபோது எங்கள் குடும்பத்தில் செய்கிற ஏற்பாடு இது. முன்னதாகவே ஒரு நல்ல நாளில், போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் நம் பயணச் சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்தக் கணத்திலேயே பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. கிளம்பும் நாளில் அதை எடுத்துக்கொண்டு போனால், நாம் பாதி வழியில் இருப்பவர்கள். சூலம் நம்மை ஒன்றும் செய்யாது.

மேற்குத் திசையில் இருந்தது அக்காவின் வீடுதான். வியாழக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து, தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்றைத் தயார் செய்தாள். நான் அதில் ஒரு பழைய துண்டை வைத்தேன். எடுத்து வெளியே போட்டாள்.

"இது இல்லாம பயணம் நடக்காதுங்கற பொருளத்தான் வெக்கணும். துண்டு வெச்சா துண்டுதான் ஊருக்குப் போகும்."

பாஸ்போர்ட் இரண்டையும் வைத்தாள். பக்கத்து வீடுதானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சுவருக்கு மேலாகப் பையை நீட்டி, விஷயத்தை அக்காவிடம் விளக்கினாள். "பயணம் கிளம்பிட்ட பொருள் அக்கா, பத்திரம்" என்றாள். இதெல்லாம் என்ன பழக்கம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அக்கா, கேளம்பாக்கத்தில் தங்கை பேரனுக்கு மறுநாள் ஞானஸ்நானம் என்று கிளம்பிப் போனார். எங்கள் விமானம் ஞாயிறு இரவு. "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். என் கையால குடுத்துதான் அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்று மாலையே விமான நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. விமானம் ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றப்பட்டிருந்தது. நான் கொஞ்சமும் பதறவில்லை. வாடகைக் கார், அங்கே விடுதிக்காரர், வழிகாட்டி, பால்காரர் வரைக்கும் எல்லோருக்கும் சொன்னேன். மேற்கு வீட்டு அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை. என் திட்டத்தில் அந்தப் பையே கிடையாது. அது சாஸ்திரம், அவளுடைய இலாகா. நான் சொல்லியிருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலை பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் பையை வாங்கப் போனவள் அப்படியே நின்றாள். மேற்கு வீட்டுக் கேட்டில் பூட்டு. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆராதனை நேரம், எடுக்க மாட்டார்.

பாஸ்போர்ட் நகல் என் பெட்டியில் இருந்தது, கைப்பையில் இருந்தது, மகளிடமும் இருந்தது. நகலை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. "பூட்டுக்காரனக் கூப்பிடலாமா?" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நம்பி வெச்சது நாம. அவங்க இல்லாத நேரத்துல பூட்ட ஒடச்சிட்டுப் போய் நான் பனி பாக்கணுமா? அதுக்கு இந்த பாஸ்போர்ட்டும் வெள்ளையாவே இருக்கட்டும்."

குரல் உடைந்துதான் சொன்னாள். ஆனால் சொன்னாள். அந்தப் பதற்றத்திலும் எனக்கு அவளைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

வாடகைக் கார் வந்து நின்றது. ஒரே வழிதான் இருந்தது. கேளம்பாக்கம் போய் அக்காவைப் பிடித்து சாவி வாங்கி, திரும்பி வீட்டுக்கு வந்து, பிறகு விமான நிலையம். கணக்குப் போட்டால் நேரம் ஒட்டவே இல்லை. ஆனாலும் சும்மா நிற்க முடியாது. டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இன்னா சார் நீங்க, ஏர்போர்ட் அந்தாண்ட கீது, நீங்க இந்தாண்ட போலாம்ன்றீங்க! பேஜாரா கீதே. சரி, ஏறுங்க. வண்டலூர் வேணாம், லீவு நாளு, ஜூ கூட்டம் ரோட்டுலயே நிக்கும். மேடவாக்கம், மாம்பாக்கம்னு வுட்டுடலாம்."

வண்டி மேடவாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு அடுத்த சந்தேகம் வந்தது. கேளம்பாக்கத்தில் எந்த சர்ச்? மனைவிக்குத் தெரியவில்லை. அங்கே தெருவுக்குத் தெரு ஒன்று இருக்கிறது. கண்ணை மூடி யோசித்தேன். முன்பு ஒருமுறை, சுற்றிய இடங்களில் நான் எடுத்த பழைய மணிகளின் படங்களை அக்காவிடம் காட்டியபோது, ஒரு படத்தில் அவர் விரல் நின்றது நினைவுக்கு வந்தது. மணிக்கூண்டு இல்லாமல் புங்கமரத்துக் கிளையில் மணி தொங்கும் சின்னக் கோவில். "இது எங்க அம்மா வீட்டு சபை சார்! எங்க எல்லாருக்கும் இங்கதான் ஞானஸ்நானம்" என்று அன்று துள்ளினார்.

"எடம் எனக்குத் தெரியும்" என்றேன். வீணாகச் சுற்றுகிறேன் என்று இத்தனை வருடம் சொல்லிவந்தவள், முதல்முறையாக என் கையை அழுத்திப் பிடித்தாள்.

புங்கமரத்தடியில் இறங்கினோம். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் முகத்தைப் பார்த்து, "யாரு வேணும்?" என்றார். சேலையூர் நர்ஸ் அக்காவின் பக்கத்து வீடு என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

"அட, அந்த நாட்டுக்குப் போறவங்க நீங்கதானா? இப்பதான் உங்களுக்காக ஜெபிச்சோம். பாஸ்டருக்கு அந்த ஊரு பேருதான் வாயில நொழையல. கர்த்தருக்குத் தெரியும்னு சொல்லி முடிச்சுட்டாரு."

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஓடவில்லை. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அருகில் போய், மெல்ல உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றபடி பார்த்தேன். அக்காவின் மடியில் வேதப்புத்தகம். அதற்குக் கீழே, எங்கள் பை.

ஆமாம், பை அங்கேயே இருந்தது. வீட்டில் அல்ல. இனி சேலையூருக்குத் திரும்ப வேண்டியதே இல்லை.

பாட்டு முடிந்து மூவரும் புங்கமரத்தடிக்கு வந்த பிறகுதான், விமானம் மாறியது அக்காவுக்குத் தெரிந்தது. "ஐயோ டீச்சர்! ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மனைவி அவர் கைகளைப் பிடித்தாள்.

"நாங்கதான்க்கா சொல்லல. ஆனா இத ஏன் இவ்ளோ தூரம் சுமந்துகிட்டு வந்தீங்க?"

அக்கா சேலை முந்தானையால் பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீதான டீச்சர் சொன்ன, பயணம் கிளம்பிட்ட பொருள்னு. கிளம்பினத உள்ள வெச்சுப் பூட்டலாமா? அதான் என்னோடவே கூட்டிக்கிட்டு வந்தேன்."

கூட்டிக்கிட்டு வந்தேன் என்றுதான் சொன்னார், ஏதோ எங்களையே அழைத்து வந்தது போல. சாஸ்திரம் பார்த்த என் மனைவி அதை அவ்வளவு ஆழமாக யோசிக்கவில்லை. நான் யோசிக்கவே இல்லை. இந்தப் பழக்கம் இல்லாத ஒருவர், இன்னொருவர் நம்பிக்கையை அதன் கடைசி எல்லை வரை காப்பாற்றியிருந்தார். நான் சொன்னபடி பூட்டை உடைத்திருந்தால், காலியான வீட்டைத்தான் திறந்திருப்போம்.

நின்று பேச நேரமில்லை. விருந்தில் போட வைத்திருந்த கேசரியை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்கள். ஞானஸ்நானக் குழந்தையின் தலையில் மனைவி ஒரு முறை கை வைத்துவிட்டு வந்தாள். டிரைவர் கேசரியைச் சாப்பிட்டபடியே, "இப்ப வழி க்ளியரு சார், ஓ.எம்.ஆர் புடிச்சு ரேடியல் ரோட்டுல வுட்டா பல்லாவரம்" என்று மிதித்தார். செக்-இன் கவுண்டரை மூடப்போகிற நேரத்தில் போய் நின்றோம். கவுண்டர் பெண் பாஸ்போர்ட்டைத் திறந்து, மரத்தடியில் நாங்கள் சரிபார்த்தபோது உள்ளே விழுந்திருந்த ஒரு புங்கம்பூவைத் தட்டிவிடப் பார்த்தாள். "அத விடும்மா, அதுவும் வருது" என்றாள் என் மனைவி.

மறுநாள் அர்மேனியாவில் அவள் பாஸ்போர்ட்டில் முதல் வெளிநாட்டு முத்திரை விழுந்தது. மூன்றாம் நாள், கோர் விராப் மடாலயத்தின் மேட்டில் முழங்கால் வலி இல்லாமல் ஏறி நின்றாள். எதிரே வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அராரத் பனி மலை. அது இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், துருக்கியில் இருக்கிறது என்று நான் ஆரம்பித்ததும், "கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

கோவிலுக்குள் மணல் தட்டில் மெல்லிய மெழுகுவத்திகளைக் குத்தி வைக்கிறார்கள். அவள் ஒன்றை ஏற்றினாள். மெழுகுவத்தி விற்ற அம்மாள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டார். இவள் தன் வகுப்பறை ஆங்கிலத்தில், எங்கள் ஊர் மலைக்குப் படி கட்டியது உங்கள் ஊர்க்காரர், அதில் ஏறிப் பழகித்தான் இங்கே ஏறினேன் என்றாள். அந்த அம்மாள் எழுந்து வந்து அவள் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். மெழுகுவத்திக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். யாருக்காக ஏற்றினாய் என்று நான் கேட்கவில்லை. படம் எடுத்து மேற்கு வீட்டு அக்காவுக்குத்தானே உடனே அனுப்பினாள்!

ஊர் திரும்பியதும், வழக்கம்போல அந்தப் பயணத்தை நாள்வாரியாக எழுதி வைத்தேன். பாஸ்போர்ட்டைக் கேட்டால் ஞாயிறு என்று சொல்லும். என் குறிப்பில் எங்கள் அர்மேனியப் பயணம், ஒரு வியாழக்கிழமை காலை, சுவருக்கு மேலாக நீண்ட இரண்டு கைகளில் தொடங்குகிறது, அதை நான் இன்றுவரை திருத்தவில்லை.